48 மணி நேரத்துல ஒரு எறும்புக் கூட்டம்: முதல்முறை கேம் ஜாம் போறவங்களுக்கு

கேம் ஜாம்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு முதல்ல ரெண்டு வரி. ஒரு தீம் குடுப்பாங்க, குறிச்ச நேரத்துக்குள்ள அதுக்கு ஒரு கேம் பண்ணி முடிச்சு போட்டுடணும், அவ்ளோதான். 2002-ல ஆரம்பிச்ச லூடம் டேர்ல தனியா பண்றவங்களுக்கு 48 மணி நேரம், குழுவாவும் சேரக் கூடிய ஜாம் பிரிவுக்கு 72 மணி நேரம். 2009-ல ஆரம்பிச்ச குளோபல் கேம் ஜாமும் முதல்ல 48 மணி நேரக் கணக்குதான். இந்த மாதிரி போட்டிகள்ல குட்டி ஜீவராசிகள் அடிக்கடி வந்து நிக்கும். 2012 ஏப்ரல்ல லூடம் டேரோட தீமே 'டைனி வேர்ல்ட்'.

குட்டி ஜீவராசி ஏன் ஜாமுக்கு இவ்ளோ பொருத்தம்னா, ஒரு எறும்பை மூணு பிக்சல்ல வரைஞ்சுடலாம், நடக்குற அனிமேஷன் தேவையில்ல, ஒண்ணுக்கு எழுதுன கோடை அப்படியே முந்நூறுக்கு ஓட்டலாம், முந்நூறு எறும்பு ஒண்ணா நகர்றதைப் பார்த்தா யாரா இருந்தாலும் ஒரு நிமிஷம் நின்னு பார்ப்பாங்க. கஷ்டமும் அங்கேயேதான் இருக்கு. சிமுலேஷன் பார்க்க அழகா இருக்கும், பார்த்துக்கிட்டே இருக்கலாம், நீங்களும் பார்த்துக்கிட்டே ஒவ்வொரு நம்பரா மாத்திட்டு இருப்பீங்க, அப்படியே ஒரு நாள் போயிடும், ஆனா விளையாடுறவங்களுக்கு செய்றதுக்குன்னு ஒண்ணுமே இருக்காது. அதனால இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விஷயத்தைச் சுத்தித்தான் போகும்: ப்ளேயர் எறும்போட மனசைப் படிக்க முடியணும், படிச்சு ஒரு முடிவு எடுக்க முடியணும். அதுக்கு உதவாத எதையும் இந்த 48 மணி நேரத்துல செய்ய வேண்டாம்.

ஜாம் தொடங்குறதுக்கு முன்னாடி

எஞ்சின் (கேம் பண்ற சாஃப்ட்வேர்) எதுன்னு ரொம்ப யோசிக்காதீங்க, ஏற்கனவே கை பழகுனது எதுவோ அதுதான். கோடோ, யூனிட்டி, ஃபேஸர், பைகேம், எதுல வேணா இந்த கேமைப் பண்ணலாம். புதுசா ஒரு எஞ்சின் கத்துக்க ஜாம் நல்ல சந்தர்ப்பம்னு சிலர் சொல்லுவாங்க, முதல் ஜாமுக்கு அதை நான் சொல்ல மாட்டேன், ரெண்டு புது விஷயத்தை ஒரே நேரத்துல தலைல ஏத்திக்கிட்டா ரெண்டும் பாதில நிக்கும்.

கட்டாயம் செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. காலி ப்ராஜெக்ட் ஒண்ணு திறந்து, ஸ்கிரீன் நடுவுல ஒரு புள்ளி வச்சு, அதை வெப் பில்டா, அதாவது ப்ரவுசர்லயே ஓடுற வடிவமா எக்ஸ்போர்ட் பண்ணி, இட்ச் (itch.io)ங்கிற கேம் தளத்துல யாருக்கும் தெரியாத டிராஃப்டா ஏத்தி, ப்ரவுசர்ல திறக்குதான்னு பாருங்க. டவுன்லோட் பண்ணி இன்ஸ்டால் பண்ணணும்னா பாதிப் பேர் விளையாடவே மாட்டாங்க, அதனால வெப் பில்ட் முக்கியம். அங்க ஏத்துற ஜிப்ல முதல் ஃபைல் பேரு 'index.html'-னு இருக்கணும், இல்லன்னா ஓடாது. கோடோ 4 யூஸ் பண்றவங்க 4.3-யோ அதுக்கு மேலயோ எடுத்துக்கோங்க, அதுலதான் த்ரெட் (ஒரே நேரத்துல பல வேலையை ஓட்டுற முறை) இல்லாத வெப் பில்ட் திரும்ப வந்துச்சு, அதுக்கு முன்னாடி உள்ள 4 வெர்ஷன்கள்ல தளத்தோட செட்டிங்ஸ்ல தனியா ஒரு ஆப்ஷனை டிக் பண்ணாத்தான் கேம் திறக்கும். இதெல்லாம் கடைசி அரை மணி நேரத்துல தெரிய வந்தா கண்ணுல தண்ணி வந்துடும்.

ஜாமோட விதிமுறையையும் படிச்சிருங்க. சிலதுல பழைய கோட், ரெடிமேட் படம், சத்தம் எல்லாம் யூஸ் பண்ணலாம், சிலதுல எல்லாமே அந்த நேரத்துக்குள்ள நீங்களே பண்ணதா இருக்கணும். லூடம் டேரோட 48 மணி நேரப் பிரிவு ரெண்டாவது வகை, சோர்ஸ் கோடையும் சேர்த்துக் குடுக்கணும்.

முதல் ஒரு மணி நேரம்: கம்ப்யூட்டரைத் திறக்காதீங்க

பேப்பர் எடுத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்க. யாரு, என்ன செய்யணும், எதுக்குள்ள செய்யணும், ப்ளேயர் கைல என்ன இருக்கு, நாலும் அதுல வந்துடணும். இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கிட்டது இது:

'மழை வர்றதுக்குள்ள எறும்புங்க தானியத்தைப் புத்துக்குள்ள சேர்க்கணும். ப்ளேயரால எறும்பை நகர்த்த முடியாது, தரைல வாசனையைப் போடலாம் இல்ல அழிக்கலாம்.'

மழை வரப் போகுது, எறும்பு வரிசையா போகுது, இதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டாம் பாருங்க, அதான் இந்த ஐடியாவோட பலம். டைமரும் தனியா ஒட்ட வச்ச மாதிரி இல்லாம கதைக்குள்ளேயே இருக்கு.

அதே பேப்பர்ல கீழ 'கிடையாது'ன்னு ஒரு தலைப்பு போட்டு எழுதுங்க. ராணி எறும்பு கிடையாது. சண்டை கிடையாது. எறும்புக்குப் பசி, வயசு, சாவு கிடையாது. லெவல் கிடையாது, ஒரே ஒரு மேப். அப்கிரேட் கிடையாது. ரெண்டாவது நாள் விடிகாலைல மூளை களைச்சுப் போய் 'ஒரு சிலந்தி மட்டும் வச்சா என்ன'ன்னு தோணும், அப்ப இந்தப் பேப்பரை எடுத்துப் பாருங்க.

எறும்பே வேண்டாம்னா வேற விதிகளும் இருக்கு. மீன் கூட்டம், பறவைக் கூட்டம் வேணும்னா கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987-ல வெளியிட்ட 'பாய்ட்ஸ்' முறை, மூணே விதி: பக்கத்துல உள்ளவனை இடிக்காதே, பக்கத்துல உள்ளவங்க போற திசைல போ, கூட்டத்தோட நடுவை நோக்கிப் போ. கிருமி மாதிரி பரவுறது வேணும்னா 1970-ல வெளிவந்த கணித ஆய்வாளர் கான்வேயோட 'கேம் ஆஃப் லைஃப்' விதியை (பக்கத்துக் கட்டங்களைப் பொறுத்து ஒவ்வொரு கட்டமும் பிறக்கும், சாகும்) எடுத்து மாத்திக்கலாம். அடிப்படை ஒண்ணுதான், ஒவ்வொரு ஜீவனும் தன் பக்கத்துல இருக்கிறதை மட்டும் பார்க்கும், மொத்தமா பார்க்கிற நமக்கு அதுல ஒரு திட்டம் இருக்கிற மாதிரி தெரியும்.

முதல்ல ஒரே ஒரு எறும்பு

ஸ்கிரீன் சைஸை 320-க்கு 180 பிக்சல்னு வச்சுக்கோங்க, அப்பறம் பெருசாக்கிக் காட்டலாம். ஒரு எறும்புக்கு வேண்டிய தகவல் கொஞ்சம்தான்: எங்க இருக்கு, எந்தத் திசையைப் பார்க்குது, தானியம் சுமக்குதா இல்லையா. வேகம் எல்லாருக்கும் ஒண்ணு, செகண்டுக்கு 30 பிக்சல். ஸ்கிரீனோட அகலத்தை ஒரு எறும்பு பத்து செகண்டு சொச்சத்துல கடந்துடும், பார்க்க சரியா இருக்கும்.

எல்லா எறும்பையும் ஒரு தடவை நகர்த்துற ஒரு சுற்றுக்கு டிக்னு பேரு. செகண்டுக்கு 60 டிக்னு ஓட்டினா ஒரு டிக்குக்கு அரை பிக்சல்தான் நகரும். அதனால இடத்தைத் தசம எண்ணா வச்சுக்கணும், வரையும்போது மட்டும் முழு எண்ணாக்கணும். சேமிக்கும்போதே முழு எண்ணாக்கிட்டா எறும்பு நின்ன இடத்துலயே நிக்கும், இல்லன்னா எட்டு திசைல மட்டும் போகும், காரணமே புரியாது.

ஒவ்வொரு டிக்கிலயும் திசையை மைனஸ் பத்து டிகிரில இருந்து பிளஸ் பத்து டிகிரி வரைக்கும் ஏதாவது ஒரு அளவு திருப்புங்க. இந்த ஒரு வரிலயே அது உயிரோட இருக்கிற மாதிரி ஆயிடும், நெளிஞ்சு நெளிஞ்சு போகும். சுவர்ல இடிச்சா திருப்பி விடுங்க. தானியத்தைத் தொட்டா எடுத்துக்கணும், புத்தைத் தொட்டா இறக்கி வைக்கணும். எடுத்தாலும் இறக்குனாலும் அந்த நிமிஷமே 180 டிகிரி திரும்பிடணும், இதை விட்டுட்டா தானியத்தைத் தூக்கிட்டு எதிர்ப்பக்கமா நடந்து போயிட்டே இருக்கும்.

புத்துக்குத் திரும்பி வர்றதுக்கு வழி எப்படித் தெரியும்? நிறைய உதாரணங்கள்ல ரெண்டு வாசனை வச்சிருப்பாங்க, வீட்டு வாசனை ஒண்ணு, சாப்பாட்டு வாசனை ஒண்ணு. ஜாமுக்கு ஒண்ணு போதும். சுமக்குற எறும்பு நேரா புத்தைப் பார்த்து நடக்கட்டும், கொஞ்சம் நெளிவு மட்டும் சேர்த்துக்கோங்க. ஏமாத்து வேலை மாதிரி தோணலாம், ஆனா நிஜத்துலயே பாலைவன எறும்புங்க இப்படிப் பண்ணும். கேட்டாகிளிஃபிஸ்னு ஒரு வகை, சூரியனை வச்சுத் திசையையும் தன் காலடியை வச்சு தூரத்தையும் கணக்குல வச்சுக்கிட்டு நேர்க்கோட்டுல வீடு திரும்பும். 2006-ல வெளிவந்த ஒரு ஆய்வுல அந்த எறும்புங்களோட கால்ல குட்டிப் பொய்க்கால் ஒட்டி விட்டாங்க, அதுங்க வீட்டைத் தாண்டிப் போய்த் தேடுச்சுங்க. காலைக் குட்டையாக்குனதுங்க வீட்டுக்கு முன்னாடியே நின்னு தேடுச்சுங்க. எவ்ளோ அழகான சோதனை! உங்க கேமுக்கும் இது போதுமான நியாயம், பாதி வேலை மிச்சம்.

வாசனை: இங்க மட்டும் நிதானமா இருங்க

கேமோட உயிரே இதுலதான் இருக்கு, இதுக்கு நாலஞ்சு மணி நேரம் ஒதுக்குனாலும் தப்பில்ல.

தரையை 4 பிக்சல் கட்டங்களா பிரிச்சா 80-க்கு 45, மொத்தம் 3,600 செல். ஒவ்வொரு செல்லுக்கும் பூஜ்யத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் ஒரு நம்பர், அதுதான் அந்த இடத்துல உள்ள வாசனை. சுமக்குற எறும்பு போற வழில வாசனையைப் போடும், தேடுற எறும்பு அதைப் பிடிச்சுப் போகும்.

தேடுற எறும்பு மூணு இடத்தை மோந்து பார்க்கணும்: நேர் எதிர்ல எட்டு பிக்சல் தள்ளி, அதே தூரத்துல இடது பக்கம் 40 டிகிரி சாஞ்சு, வலது பக்கம் 40 டிகிரி சாஞ்சு. எதுல வாசனை அதிகமோ அந்தப் பக்கம் பத்து டிகிரி திரும்பணும். மூணும் பூஜ்யம்னா பழையபடி நெளிஞ்சு போகட்டும். வாசனை இருந்தாலும் இருபது தடவைல ஒரு தடவை கண்டுக்காம போற மாதிரி வைங்க, இல்லன்னா புதுத் தானியத்தை யாருமே கண்டுபிடிக்க மாட்டாங்க.

இப்ப எவ்ளோ வாசனை போடணும்ங்கிறது. எல்லாரும் முதல்ல செய்றது, ஒவ்வொரு எறும்பும் தான் நிக்கிற செல்லுல ஒரு அளவைக் கூட்டிக்கிட்டே போறது. ஓட்டிப் பாருங்க, எறும்பெல்லாம் தானியத்தை விட்டுட்டு புத்து வாசல்லயே சுத்திட்டு நிக்கும். ஏன்னா எல்லாப் பாதையும் புத்துல வந்து முடியுது, அங்கதான் எல்லாரும் கூட்டிக் கூட்டி வாசனை ஏறிப் போய்க் கிடக்கு.

தீர்வு இது. தானியத்தை எடுத்த உடனே எறும்போட வாசனை பலத்தை 1-னு வைங்க. ஒவ்வொரு டிக்கும் அதை 0.995-ஆல பெருக்குங்க. செல்லுல கூட்டாதீங்க, அங்க ஏற்கனவே இருக்கிறதுல எறும்போட பலம்ல எது பெருசோ அதை வைங்க. இப்ப தானியம் பக்கம் வாசனை அதிகம், புத்து பக்கம் வரவரக் குறைவு, அதாவது வாசனை ஏறுற பக்கம் போனா சாப்பாடு கிடைக்கும். தானியத்துல இருந்து புத்து 150 பிக்சல் தூரம்னா நடக்க 5 செகண்டு, 300 டிக், போய்ச் சேரும்போது பலம் சுமார் 0.22 இருக்கும். போதும்.

அடுத்தது ஆவியாகுறது. தரைல விழுந்த வாசனையும் டிக்குக்கு டிக் குறையணும், இல்லன்னா தானியம் தீர்ந்த இடத்துக்கே எல்லாரும் போயிட்டு இருப்பாங்க. 0.99-ஆல பெருக்குனா ஒரு செகண்டு சொச்சத்துல பாதியாயிடும். 0.998-னா பாதியாக ஆறு செகண்டு கிட்ட ஆகும். 0.9995-னா இருபத்தி மூணு செகண்டு. நான் சொல்றது 0.998-ல ஆரம்பிங்க. இந்த நம்பர் எறும்பு சுமக்குற பலத்தோட நம்பரை விட, அதாவது 0.995-ஐ விட, மெதுவா குறையுறதா இருந்தே ஆகணும். ஏன்னு பாருங்க: அதே 300 டிக் கழிச்சு தானியம் பக்கத்துல முதல்ல விழுந்த வாசனை 0.998 கணக்குல 0.55 மிச்சம் இருக்கும், புத்து வாசல்ல இப்ப விழுறது 0.22, சாப்பாட்டுப் பக்கம்தான் அதிகம், சரி. ஆவியாகுறதை 0.99-னு வச்சா தானியம் பக்கம் 0.05 தான் மிச்சம், புத்து பக்கம் 0.22. பாதை தலைகீழா ஆயிடுச்சு, எறும்புங்க வீட்டைப் பார்த்துத் திரும்பிடும். கோட்ல ஒரு பிழையும் இருக்காது, ரெண்டு நம்பருக்கு நடுவுல உள்ள உறவுதான் பிழை, நாள் முழுக்கத் தேடுனாலும் கண்ணுல படாது.

3,600 செல்லையும் ஒவ்வொரு டிக்கும் பெருக்குறது பாரமா இருந்தா நாலு டிக்குக்கு ஒரு தடவை 0.992-ஆல பெருக்குங்க, கணக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

இதுல இன்னொரு நல்ல விஷயமும் இருக்கு. எறும்பு எறும்பைப் பார்க்கவே தேவையில்ல. 300 எறும்பு ஒண்ணை ஒண்ணு பார்க்கணும்னா ஒரு ஃப்ரேமுக்கு 44,850 ஜோடி, அதுவே தரையை மட்டும் மோந்து பார்த்தா 900 செல். தரை வழியா பேசிக்கிறதுன்னு இதை வச்சுக்கலாம். ஒண்ணு மேல ஒண்ணு இடிக்காம தடுக்குற கோடெல்லாம் எழுதவே எழுதாதீங்க, ஏறிப் போகட்டும், நிஜ எறும்பும் ஏறித்தான் போகும்.

டெனபூர்க்ங்கிற ஆய்வாளரும் அவர் கூட இருந்தவங்களும் 1990-ல வெளியிட்ட சோதனை ஒண்ணு இங்க ஞாபகம் வச்சுக்க வேண்டியது. எறும்புங்க புத்துல இருந்து வெளிய போறதுக்கு ஒரே நீளத்துல ரெண்டு பாலம் வச்சாங்க, முதல்ல ரெண்டுலயும் எறும்பு போச்சு, கொஞ்ச நேரத்துல கிட்டத்தட்ட எல்லாமே ஒரே பாலத்துல போக ஆரம்பிச்சது. எந்தப் பாலத்துல தற்செயலா கொஞ்சம் வாசனை கூடுச்சோ அதுக்கே இன்னும் கூடிட்டே போச்சு. உங்க கேம்ல ப்ளேயர் செய்யப் போறதும் அந்தத் தற்செயலைத் தன் பக்கம் சாய்க்கிறதுதான்.

நேரம் ஓடுறதை ஃப்ரேமோட கட்டாதீங்க

சிமுலேஷன் செகண்டுக்கு 60 டிக்னு நிலையா ஓடணும், ஒரு டிக்குக்கு 16.67 மில்லிசெகண்டு. ஸ்கிரீன் 144 ஃப்ரேம் காட்டினாலும் 30 ஃப்ரேம் காட்டினாலும் டிக் எண்ணிக்கை மாறக் கூடாது. கடந்து போன நேரத்தை ஒரு வேரியபிள்ல சேர்த்துக்கிட்டே வாங்க, 16.67 சேர்ந்ததும் ஒரு டிக் ஓட்டிட்டு அதைக் கழிச்சுடுங்க. கோடோல இதுக்குன்னே ஃபிசிக்ஸ் ப்ராசஸ்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, டிஃபால்ட்டே 60 தான்.

ப்ரவுசர்ல வேற டேபுக்குப் போனா கேம் நின்னுடும், திரும்பி வரும்போது ஒரே ஃப்ரேம்ல ரெண்டு நிமிஷம் கடந்த மாதிரி கணக்கு வரும். அதனால ஒரு ஃப்ரேமோட நேரம் 0.1 செகண்டைத் தாண்டுனா 0.1-னே வெட்டி விடுங்க. மழை டைமரையும் கடிகாரத்தைப் பார்த்து ஓட்டாதீங்க, டிக்கை எண்ணுங்க. ரெண்டரை நிமிஷம்னா 9,000 டிக். இப்படி வச்சா வேகத்தை எட்டு மடங்காக்கி டெஸ்ட் பண்ணும்போதும் டைமர் தானா ஒத்துப் போகும். அந்த எட்டு மடங்கு கீயை முதல் நாளே போட்டு வைங்க, எவ்ளோ மணி நேரம் மிச்சமாகும்னு ரெண்டாவது நாள்தான் தெரியும்.

ப்ளேயர் கைல என்ன குடுக்கிறது

மவுஸை அமுக்கி இழுத்தா அந்த வழியில வாசனை விழணும். வலது பட்டன்ல இழுத்தா அழியணும். ஃபோன்ல விளையாடுறவங்களுக்காக கீழ ரெண்டு பட்டன் வச்சு மாத்திக்கிற மாதிரி பண்ணிடுங்க.

அளவில்லாம போட விட்டா புத்துல இருந்து தானியம் வரைக்கும் ஒரு கோடு இழுத்துட்டு சும்மா உட்கார்ந்துடுவாங்க. வாசனைக்குன்னு ஒரு சின்ன டேங்க் வைங்க, இழுக்க இழுக்கக் குறையட்டும், மெதுவா நிரம்பட்டும், ஒரு தடவை நிரம்புனா ஸ்கிரீனோட மூணுல ஒரு பங்கு தூரம்தான் இழுக்க முடியணும். இப்பதான் முடிவு எடுக்க வேண்டி வரும்: பக்கத்துல இருக்கிற சின்னக் குவியலுக்கு வழி போடறதா, தூரத்துல இருக்கிற பெரிய குவியலுக்குப் பாதி வழி போட்டுட்டு மீதியை எறும்பு தானா கண்டுபிடிக்கும்னு நம்புறதா, தீர்ந்து போன குவியலுக்குப் போற பழைய பாதையை முதல்ல அழிக்கிறதா. இந்த மூணு கேள்வி ஒவ்வொரு பத்து செகண்டுக்கும் வந்தா கேம் ஆயிடுச்சு.

அப்பறம் படிக்க முடியணும்னு மேல சொன்னேனே, அதுக்கு: வாசனை கண்டிப்பா தெரியணும், மங்கலான ஒரு நிறத்துல, அதிகமா இருக்கிற இடம் பளிச்னு. சுமக்குற எறும்புக்கு தலை முன்னாடி ஒரு பிக்சல் வெளிர் மஞ்சள். குவியல் தீரத் தீரச் சின்னதாகணும். நம்பர், பட்டை, மெனு இதெல்லாம் இல்லாமலே யாரு என்ன பண்றாங்கன்னு தெரியணும்.

மழையை எப்படிக் கொண்டு வர்றது

மூலைல ஒரு கவுன்ட்டவுன் நம்பர் போட்டா வேலை முடிஞ்சுது, ஆனா பதட்டம் வராது. நேரம் சிமுலேஷனுக்குள்ள கையை விடணும். கடைசி ஒரு நிமிஷத்துல இருந்து ஒவ்வொரு டிக்கும் ஏதோ ஒரு செல்லுல ஒரு துளி விழட்டும், அந்த செல்லோட வாசனை பூஜ்யமாகட்டும். செகண்டுக்கு 60 துளி, 3,600 செல், சராசரியா ஒரு இடத்துல நிமிஷத்துக்கு ஒரு தடவை, லேசா தூறுற மாதிரிதான் இருக்கும். கடைசி 20 செகண்டுல டிக்குக்கு அஞ்சு துளி ஆக்குங்க, பன்னெண்டு செகண்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு இடமும் கழுவப்படும், பாதையெல்லாம் ஓட்டை ஓட்டையா அறுந்து போகும், ப்ளேயர் அதை ஒட்டிக்கிட்டே இருக்கணும். புதுசா ஒரு விதியும் எழுதல பாருங்க, இருந்த செல்லை பூஜ்யமாக்குனோம் அவ்ளோதான், ஆனா கடைசி இருபது செகண்டு வேற கேம் மாதிரி இருக்கும். பின்னணி நிறத்தையும் மெல்ல இருட்டாக்கிட்டே வாங்க.

எத்தனை தானியம் சேர்த்தா ஜெயிப்புங்கிறதை யூகிச்சு வைக்காதீங்க. ரேண்டமுக்கு ஒரு சீட் நம்பரை (அதே நம்பர் குடுத்தா அதே ரேண்டம் வரிசை வரும்) நிலையா வச்சு, ப்ளேயர் ஒண்ணுமே செய்யாம எட்டு மடங்கு வேகத்துல முழு ஆட்டத்தையும் ஓட்டுங்க. சீடை மாத்தி இன்னும் சில தடவை ஓட்டுங்க. சும்மா இருந்தா சராசரியா 40 சேருதுன்னு வைங்க, நீங்க நல்லா விளையாடுனா 90 சேருதுன்னு வைங்க, இலக்கை 60 கிட்ட வைங்க, 75-னு வைக்காதீங்க. வாசனை எப்படி ஓடுதுன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்ச ஒரே ஆள் நீங்க, புதுசா வர்றவங்க முதல் ஒரு நிமிஷத்தை என்ன செய்யணும்னு புரிஞ்சுக்கவே செலவழிப்பாங்க.

பக்கத்துல யாராவது இருந்தா அவங்க கைல மவுஸைக் குடுத்துட்டு வாயைத் திறக்காம பாருங்க. எறும்பு மேல கிளிக் பண்றாங்களா? அப்ப எறும்பை நகர்த்தலாம்னு நினைச்சிட்டாங்க, ஆரம்பத்துலயே புத்துல இருந்து ஒரு குட்டிப் பாதை தானா வரையப்பட்டுக் காட்டுற மாதிரி வைங்க. ஒரு பக்கம் எழுத்துல விளக்குறதை விட அது மேல்.

சத்தம்

டாக்டர்பீட்டர்ங்கிற பேர்ல ஒருத்தர் 2007-ல லூடம் டேருக்காகவே எஸ்எஃப்எக்ஸ்ஆர்னு ஒரு டூல் பண்ணாரு, பட்டனை அமுக்கினா ஒரு சத்தம் வரும், பிடிச்சா சேவ் பண்ணிக்கலாம். அதோட ப்ரவுசர் வடிவங்களும் இருக்கு. தானியம் இறக்குற சத்தம், வாசனை இழுக்குற சத்தம், துளி விழுற சத்தம், மூணு போதும். முந்நூறு எறும்பு இறக்குனா முந்நூறு சத்தம் ஒண்ணா வந்து காது கிழியும், அதனால ஒரு நேரத்துல நாலு சத்தத்துக்கு மேல வராம பார்த்துக்கோங்க, ஒவ்வொண்ணோட சுருதியையும் லேசா மாத்தி விடுங்க. ப்ளேயர் ஒரு தடவை கிளிக் பண்ற வரைக்கும் ப்ரவுசர் சத்தத்தை விடாது, 'தொட்டு ஆரம்பிக்கவும்'னு ஒரு முதல் திரை வச்சா அது தானா சரியாயிடும்.

மணிக்கணக்கு

முதல் நாள் ராத்திரி தூங்கப் போறதுக்குள்ள எறும்பு தானியம் எடுத்து வந்து சேர்க்கணும், வாசனைப் பாதை உருவாகணும். ரெண்டாவது நாள் மதியத்துக்குள்ள ப்ளேயர் கைல கண்ட்ரோல், மழை, ஜெயிப்பு, தோல்வி, எல்லாம் அழகில்லாமயாவது இருக்கணும். அந்த நிமிஷமே ஒரு பில்ட் ஏத்தி, ஜாம் பக்கத்துல சப்மிட்டும் பண்ணிடுங்க. பல ஜாம்கள்ல நேரம் முடியுற வரைக்கும் திரும்பத் திரும்ப மாத்தி ஏத்தலாம், ஏத்தாம இருக்கிற நல்ல கேமை விட ஏத்துன சுமார் கேம்தான் ஜாமுல இருக்கும். தூக்கத்தை வெட்டாதீங்க, ரெண்டு ராத்திரியும் ஆறு மணி நேரமாவது படுங்க. மேல சொன்ன 0.995, 0.998 மாதிரி விஷயமெல்லாம் தூக்கம் இல்லாத கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

கடைசி மூணு மணி நேரத்துல புது ஃபீச்சர் எதையும் தொடாதீங்க. அப்ப செய்ய வேண்டியது: உங்க கம்ப்யூட்டர்ல ஓடி, ஏத்துன பிறகு படம் மட்டும் வரலைன்னா ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியிருக்கான்னு பாருங்க, விண்டோஸ்ல அது கண்டுக்காது, சர்வர்ல கண்டுக்கும். வேற ப்ரவுசர்ல ஒரு தடவை, ஃபோன்ல ஒரு தடவை திறந்து பாருங்க. நிறைய எறும்பு வரிசையா போற நேரத்துல ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து முகப்புப் படமா வைங்க, அதைப் பார்த்துத்தான் ஆளுங்க உள்ள வருவாங்க. கண்ட்ரோல் என்னன்னு கேம் பக்கத்துலயும் ரெண்டு வரி எழுதுங்க.

இதுக்கு மேலயும் நேரம் மிச்சம் இருந்தா ரெண்டே ரெண்டு வேலை, இதே வரிசைல. முதல்ல ஒரே கீல உடனே ரீஸ்டார்ட் ஆகணும், நடுவுல மெனு, ஃபேட், கேள்வி எதுவும் வராம. தோத்தவங்க அடுத்த ஆட்டத்துக்குள்ள ஒரு செகண்டுல வந்துடணும். ரெண்டாவது, ஆட்டம் முடிஞ்சதும் அந்த ரெண்டரை நிமிஷத்துல எறும்புங்க எங்கெல்லாம் நடந்துதுங்களோ அதை ஒரே படமா காட்டுங்க, ஒவ்வொரு டிக்கும் எறும்பு நிக்கிற செல்லுல ஒண்ணு கூட்டிக்கிட்டே வந்தா போதும், இன்னொரு 3,600 நம்பர்தான். தான் எந்தப் பாதையைத் தேவையில்லாம காப்பாத்திட்டு இருந்தோம்னு ப்ளேயருக்கு அந்தப் படத்துல தெரிஞ்சுடும், உடனே ரீஸ்டார்ட் கீயைத் தேடுவாங்க.